காப்பர் வயர் திருட்டு: ஊர் ரோந்தா, காயலாங்கடைப் பதிவேடா?

போர்வெல்லிலிருந்து ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் போகும் கேபிளை ராவோடு ராவாக வெட்டிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் செம்புக்காக அதை எரிப்பார்கள். காலையில் ஓடைக்கரையில் கருகிய பிளாஸ்டிக் மட்டும் கிடக்கும். பயிர் தண்ணீரில்லாமல் வாடும். போலீசோடு ஊர் சேர்ந்து இதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு: ஊர் ஆட்களே ராத்திரியில் தோட்டங்களைச் சுற்றி வரும் ரோந்து, செம்பு விற்க வருபவர் யார் என்று காயலாங்கடையில் எழுதி வைக்கும் பதிவேடு.

செலவு
ரோந்து: டார்ச், பெட்ரோல், ஆட்களின் தூக்கம்.
பதிவேடு: ஒரு நோட்டு, ஒரு கேமரா.

எளிமை
ரோந்து: நாளைக்கே தொடங்கலாம். ஆனால் சந்தேகப்பட்டவரை அடிக்கக் கூடாது. போலீசைத்தான் கூப்பிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.
பதிவேடு: கடைக்காரர்கள் சம்மதிக்க வேண்டும். எரித்த செம்பு யாருடையது என்று தெரியாது என்பதால், எரித்த கம்பி வந்தாலே ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்ல வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 317-ஆவது பிரிவு அவர்கள் மேலும் பாயும்.

நீடிப்பு
ரோந்து: முதல் மாதம் ஜோர். அறுவடை வந்தால் ஆள் குறையும்.
பதிவேடு: பழகிவிட்டால் நிற்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2012 டிசம்பரில் பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுப்பதைத் தடுத்தார்கள். 2013-இல் வந்த சட்டம் கடைக்கு உரிமத்தையும் விற்பவருக்கு அடையாளச் சான்றையும் கட்டாயமாக்கியது. கைமேல் காசு இல்லையென்றால் திருடியதை மாற்றுவது கஷ்டம்.

இப்போதே அடிக்கடி திருட்டு நடக்கிறது, தோட்டங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன என்றால் ரோந்து. தோட்டங்கள் சிதறிக்கிடந்தால் பதிவேடுதான். ஆனால் பக்கத்து ஊர்க் கடைகளையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மூட்டை அங்கே போய்விடும்.