புளிக்குழம்புக்கு எந்தச் சட்டி: கல்லா, மண்ணா, இரும்பா, ஈயமா?

பாரம்பரியப் பாத்திரக் கடைகள் இப்போது ஊருக்கு ஊர் வந்துவிட்டன. கல்சட்டி, மண்சட்டி, இரும்புச்சட்டி, ஈயச்சொம்பு என்று வரிசையாக அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் விற்கிறார்கள்: உடம்புக்கு நல்லது. அதை நம்பி நான்கையும் வாங்கியவர் வீட்டில் ஆறு மாதம் கழித்து எட்டிப் பார்த்தால், மூன்று பரணில் கிடக்கும். எந்தச் சட்டியில் எதைச் சமைப்பது, அதை யார் கழுவுவது, எந்த அடுப்பில் ஏற்றுவது என்று கடையில் யாரும் கேட்பதில்லை. எனக்கு அந்த மூன்று கேள்விகள்தான் முக்கியமாகப் படுகின்றன.

முதல் கேள்வியிலேயே பாதி விஷயம் முடிந்துவிடும், ஏனென்றால் நம் சமையலில் பாத்திரத்தின் தரத்தைக் காட்டிக்கொடுப்பது புளி. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் உலோகத்தைச் சும்மா விடாது. பூச்சில்லாத அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் அலுமினியம் கொஞ்சம் கரைந்து குழம்பில் இறங்கும். அதை இங்கேயே தள்ளிவிடலாம். நான்ஸ்டிக்குக்குப் பிரச்சினை புளி இல்லை, சூடு. அதன் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். பெரிய தீயில் வெறும் சட்டியை வைத்துவிட்டுக் கடுகு டப்பாவைத் தேடப் போனால் அந்தச் சூடு வந்துவிடும். தாளிப்பில் தொடங்கும் சமையலுக்கு அது தோதான பாத்திரம் இல்லை.

மீதி இருப்பதில் உண்மையான போட்டி கல்லுக்கும் மண்ணுக்கும்தான்.

கல்சட்டி மாக்கல்லில் கடைவது. சேலம் பக்கத்து மாக்கல் சட்டிகளுக்குத் தமிழ்நாட்டில் நல்ல பெயர் உண்டு. கையால் தடவினால் வழுவழுப்பாக, சோப்புக் கட்டியைத் தொட்டதுபோல் இருக்கும். அதில் உள்ள டால்க் என்னும் கனிமம்தான் காரணம். முகத்துக்குப் போடும் பவுடரிலும் காலங்காலமாக இருந்தது அதுதான். புளி இந்தக் கல்லை ஒன்றும் செய்யாது. ஆனால் அதன் பெரிய பலம் வேறு: ஒரே எடையுள்ள இரும்பைவிட மாக்கல் சுமார் 2 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சட்டியும் கனம். அதனால் அடுப்பை அணைத்த பிறகும் வத்தக்குழம்பு தானாகவே சில நிமிடம் கொதித்துக்கொண்டிருக்கும். பழகியவர்கள் குழம்பு முழுசாக வற்றும் முன்னாலேயே அடுப்பை நிறுத்திவிடுவார்கள்; மிச்சத்தைக் கல் பார்த்துக்கொள்ளும். தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் வத்தக்குழம்பு, கீரை மசியல், மோர்க்குழம்பு எல்லாம் கல்சட்டியோடு ஒட்டிக்கொண்டதற்கு இந்த நிதானமான சூடுதான் காரணம் என்று நினைக்கிறேன். இவற்றில் எதற்குமே தடதடவென்ற கொதி தேவையில்லை. மோர்க்குழம்பு கொதித்தால் திரிந்தே போகும்.

மண்சட்டியும் புளிக்கு அஞ்சாது. ஆனால் அது வேறு விதமான பாத்திரம். சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. மண்பானைத் தண்ணீர் குளிர்வது அந்தத் துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாவதால்தான். சமையலில் அதே துளைகள் எண்ணெயையும் மசாலாவையும் குடித்துக்கொள்கின்றன. பழகிய மீன்சட்டியில் வைத்த குழம்பு புதுச்சட்டியில் வைத்ததைவிட ருசிக்கிறது என்று சொல்வது வெறும் பிரமை இல்லை. பழைய குழம்பின் சாரம் கொஞ்சம் சட்டிச் சுவரிலேயே இருக்கிறது. இதுவே குறையும்கூட. மீன் வைத்த சட்டியில் பருப்புக் கடைய முடியாது. மீனுக்கு ஒன்று, கீரைக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும். கீரைச்சட்டி என்று தனியாகவே விற்கிறார்கள். உட்புறம் சொரசொரப்பாக இருப்பதால் மத்தால் கடையும்போது கீரை நன்றாக மசிந்து வரும். கொங்குப் பக்கத்தில் கீரைக் கடைசலும் பச்சைப்பயறு கடைசலும் இப்படித்தான் வந்தன. மிக்சியில் அடித்த கீரை அந்தப் பக்குவத்துக்கு வராது, விழுதாகிவிடும்.

மண்சட்டியைப் பற்றி ஒரு கதை சுற்றிக்கொண்டிருக்கிறது: மண்ணுக்குக் காரத்தன்மை உண்டு, அது உணவின் அமிலத்தைச் சமன் செய்துவிடும் என்று. அப்படி நடந்தால் மண்சட்டியில் வைத்த மீன்குழம்பு புளிக்கவே கூடாதே! சுட்ட மண் குழம்போடு எந்த வம்புக்கும் போவதில்லை. அதுதான் அதன் நல்ல குணம்.

பழக்குவதில் இரண்டுக்கும் பொறுமை வேண்டும். மண்சட்டியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, வடிகஞ்சி ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிட்டால் துளைகள் ஓரளவு அடைபடும். ஓரிரு நாள் வேலை. கல்சட்டிக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்: விளக்கெண்ணெயும் மஞ்சளும் பூசி வெயிலில் வைப்பது, அரிசி கழுவிய தண்ணீரும் கஞ்சியும் மாற்றி மாற்றி ஊற்றி வைப்பது, கடைசியில் சின்னத் தீயில் கஞ்சியைக் காய்ச்சுவது. புதுக் கல்சட்டி சாம்பல் நிறத்தில் இருக்கும். எண்ணெய் ஏறி ஏறித்தான் கறுக்கும். எவ்வளவு பக்குவமாகப் பார்த்தாலும் இரண்டுமே ஒரு நாள் உடையலாம். சூடான சட்டியில் பச்சைத் தண்ணீர் விட்டால் விரிசல் விடும், தொட்டித் திட்டில் மோதினால் விளிம்பு பெயரும். மண்சட்டி உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், விலை கையைக் கடிக்காது. கல்சட்டி உடைந்தால் விலையோடு பல வருடப் பழக்கமும் போய்விடும். தண்ணீர் நிரம்பிய கல்சட்டியைத் தூக்க இரண்டு கை போதாது என்று தோன்றும் வயதானவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கழுவுவதும் சாதாரண விஷயம் இல்லை. மண்சட்டி சோப்பையும் குடித்துவிடும். அடுத்த குழம்பில் அது திரும்பி வரும். தேங்காய் நாரும் கொஞ்சம் அரிசி மாவோ கடலை மாவோ போதும். ஆனால் பாத்திரம் கழுவ வேறொருவர் வரும் வீட்டில் இந்த விதியை எத்தனை நாள் காப்பாற்ற முடியும்? அப்படிப்பட்ட வீட்டுக்குக் கல்சட்டிதான் கொஞ்சம் மன்னிக்கும் குணம் உள்ளது.

வாங்கும்போது ஒன்று. பளபளவென்று மின்னும் சிவப்புப் பூச்சோ வார்னிஷ் போன்ற மெருகோ உள்ள மண்சட்டியை அடுப்பில் ஏற்றாதீர்கள். விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். நன்றாக வெந்த மண் என்று அர்த்தம். கடம் செய்வதற்குப் பேர்போன மானாமதுரையின் மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்ணைச் சரியாகச் சுட்டால் இசைக்கருவியாகவே ஆகிறது என்பதை அந்த ஊர் ரொம்ப நாளாகவே நிரூபித்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் சுற்றில் என் தீர்ப்பு: மீன்குழம்புக்கு மண், வத்தக்குழம்புக்குக் கல். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மண்சட்டி, ஏனென்றால் உடைந்தாலும் மனசு உடையாது.

இரும்பு இந்தப் போட்டிக்கே வந்திருக்கக் கூடாது. புளிக்குழம்பு இரும்புச்சட்டியில் கறுக்கும், இரும்பு வாடை வரும், இத்தனை நாள் எண்ணெய் பூசிப் பூசி வளர்த்த வழுவழுப்பான படலத்தையும் அமிலம் அரித்துவிடும். இரவு முழுக்க அதிலேயே வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம். வாழைப்பூ, வாழைக்காய், கத்திரிக்காய் மூன்றும் புளி இல்லாமலேயே இரும்பில் கறுப்பாகும். அவற்றில் உள்ள துவர்ப்புச் சத்தான டானின் இரும்போடு சேர்ந்தால் கருமை வரும். அந்தக் காலத்து எழுதும் மையையே இந்த முறையில்தான் செய்தார்கள்.

ஆனால் அமிலம் சேர்ந்தால் இரும்பு உணவில் இறங்குகிறது என்பது உண்மை, அதைக் குறையாக மட்டும் பார்க்க முடியாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. தக்காளித் தொக்கை இரும்புச்சட்டியில் வதக்கி, உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் ருசியும் கெடாது, கொஞ்சம் இரும்பும் கிடைக்கும். அது மருந்துக்கு மாற்று இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மற்றபடி இரும்பின் ராஜ்ஜியம் வேறு இடம்: தோசை, சேப்பங்கிழங்கு வறுவல், உருளைக்கிழங்கு ரோஸ்ட், பொடிக்கு மல்லியும் மிளகாயும் வறுப்பது. அங்கே கல்லும் மண்ணும் பக்கத்தில்கூட வர முடியாது.

அப்புறம் ரசம். ஈயச்சொம்பு ரசத்துக்குத் தனி மணம் உண்டு என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் நான்கு பாத்திரங்களில் எனக்கு மிகவும் தயக்கம் தருவது இதுதான். ஈயச்சொம்பு வெள்ளீயத்தில் செய்தது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும், ஆபத்தில்லை. காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் அடி ஒழுகிவிடும். தாளிப்பையும் தனிக் கரண்டியில்தான் செய்ய வேண்டும்.

இதைவிடப் பெரிய கவலை கலப்படம். காரீயம் நஞ்சு. அதுவும் பார்ப்பதற்குச் சாம்பல் கலந்த வெள்ளைதான், விலை வெள்ளீயத்தைவிட மிகவும் குறைவு. காரீயத்தைக் காகிதத்தில் உரசினால் கறுப்புக் கோடு விழும் என்பார்கள், சரிதான். ஆனால் கொஞ்சமாகக் கலந்திருந்தால் அந்தச் சோதனையில் மாட்டாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால், தூய்மைக்குச் சோதனைச் சான்று இல்லாத ஈயச்சொம்பில் ரசம் வைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாட்டி காலத்துச் சொம்பாக இருந்தாலும் சரி, பழசு என்பதே தூய்மைக்குச் சான்று ஆகிவிடாது. 304 ரக எவர்சில்வர் பாத்திரம் புளியைத் தாங்கும், தொட்டியில் விழுந்தாலும் நெளியாது, காலியாகச் சுட்டால் நிறம்தான் மாறும். மணத்தில் கொஞ்சம் தோற்றாலும் ரசத்துக்கு என் ஓட்டு அதற்கே. மிளகும் சீரகமும் புதிதாகத் தட்டிப் போட்டால் அந்தக் குறையில் பாதி தெரியாது.

பித்தளையைக் கேட்பவர்களுக்கு: உள்ளே ஈயம் பூசாத பித்தளையில் புளி வைத்தால் களிம்பு ஏறும். பூச்சு தேயத் தேய மறுபடி பூச ஆள் வேண்டும். உங்கள் ஊரில் ஈயம் பூசுபவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கடைசியில் அடுப்பு. இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும் உள்ள வீட்டில் இந்த அலசல் தலைகீழாகிவிடும், ஏனென்றால் கல்லும் மண்ணும் ஈயமும் அதில் சூடே ஆகாது. காந்தம் ஒட்டும் அடி வேண்டும். இரும்பு வேலை செய்யும், அதில் புளி கூடாது. ஆக, காந்தம் ஒட்டும் அடியுள்ள எவர்சில்வரில்தான் குழம்பு வைத்தாக வேண்டும். அப்படிப்பட்டவர்களும் கல்சட்டி வாங்கலாம். அதில் வெந்நீர் ஊற்றிச் சில நிமிடம் வைத்து, நீரைக் கொட்டிவிட்டுக் கொதிக்கும் குழம்பை அதற்கு மாற்றி மூடிவைத்தால், சாப்பாட்டுக்கு எல்லோரும் ஆளுக்கொரு நேரத்தில் வந்தாலும் மறுபடி சூடுபண்ணும் வேலை பெரும்பாலும் மிச்சம்.