கேப்டனுக்கு ஐந்து ஸ்டார், அச்சுக்கு ஒன்றே ஒன்று

கேப்டன் ஜோஷுவா ஸ்லோக்கம் பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றிய கதையைத் தானே எழுதிய ‘செயிலிங் அலோன் அரவுண்ட் த வேர்ல்ட்’ புத்தகத்தின் மறுபதிப்பை ஆன்லைனில் 249 ரூபாய்க்கு வாங்கினேன். சரக்குக் கப்பலில் ஃபிட்டராக 19 வருஷம் ஓட்டிவிட்டு இப்போது தூத்துக்குடியில் வீட்டோடு இருக்கிறேன். கடல் அனுபவம் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அலையைக் கண்டதும் கவிதைக்குப் போய்விடுவார்கள். இந்த மனிதர் முதலில் செலவுக் கணக்கைச் சொல்கிறார். வயலில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த ‘ஸ்ப்ரே’ என்ற பழைய படகைத் தன் கையாலேயே 13 மாதம் புதுப்பித்தாராம். பொருட்களுக்கு ஆனது 553 டாலர் 62 சென்ட். அந்த 62 சென்டைப் பார்த்ததும் இவர் நம்ம ஆள் என்று தெரிந்துவிட்டது.

1895 ஏப்ரல் 24-ல் பாஸ்டனில் பாய் விரித்தவர் 1898 ஜூன் 27-ல் நியூபோர்ட்டில் நங்கூரம் போட்டார். 46,000 மைல். தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றியவர்களில் இவர்தான் முதல். படகின் நீளம் 37 அடிகூட இல்லை. நாங்கள் கிரீஸ் போட்டுத் திறந்து மூடிய ஹாட்ச் மூடி, அதாவது சரக்கறை வாய் மூடி, அதைவிடப் பெரிது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் கடிகாரக் கதை. நடுக்கடலில் தீர்க்கரேகை பார்க்கத் குரோனோமீட்டர் என்ற துல்லியமான கப்பல் கடிகாரம் வேண்டும். அவருடையதைச் சரிசெய்ய 15 டாலர் ஆகும் என்றதும் அதைக் கரையிலேயே விட்டுவிட்டார். யார்மவுத்தில் தகரக் கடிகாரம் ஒன்று, விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்கே கிடைத்தது. வழியில் நிமிட முள்ளும் போய்விட்டது. ஓடாமல் நின்றபோது கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து மறுபடி ஓடவைத்தார்! பசிபிக்கில் நிலவைப் பார்த்துத் தீர்க்கரேகைக் கணக்குப் போடும்போது, அதற்கு உதவும் மடக்கை (லாகரிதம்) அட்டவணையிலேயே ஒரு தப்பைக் கண்டுபிடிக்கிறார். அவ்வளவு கறாரான ஆளின் புத்தகத்தையா இந்த லட்சணத்தில் அச்சடிப்பது? என் பிரதியில் அத்தியாயத் தலைப்பு பக்கத்தின் நடுவில் வருகிறது, பக்க எண் வாக்கியத்துக்குள் புகுந்துகொள்கிறது. படங்கள் கரி அப்பினமாதிரி இருக்கின்றன. மூலப் பதிப்பில் இருந்த வரைபடங்கள் அறவே இல்லை. ஹுவான் பெர்னாண்டஸ் தீவுக்காரர்களுக்கு அவர் டோநட் சுடக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் பைண்டிங் விட்டுப்போனது. விற்றவரிடம் கேட்டால், ‘படித்துவிட்டீர்களே சார்’ என்கிறார்.

தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள மெகல்லன் நீரிணையைக் கடக்கும் பகுதியை மட்டும் இரண்டு தடவை படித்தேன். அங்கே புன்டா அரேனஸ் துறைமுகத்தில் ஒரு நண்பர் பை நிறையக் கம்பள ஆணி கொடுத்தனுப்புகிறார். ராத்திரி அதை டெக் முழுக்கத் தூவிவிட்டு இவர் கீழே போய்ப் படுக்கிறார். இருட்டில் வெறுங்காலோடு படகில் ஏறிய அந்த ஊர்ப் பழங்குடிகள் அலறிக்கொண்டு தண்ணீரில் குதிக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஸ்லோக்கம் பேசுகிற தொனி உறுத்தத்தான் செய்கிறது. அவர்கள் கடலில் அவர்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். அப்புறம், ஆஸ்திரேலியாவின் வடக்கே உள்ள தர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் கீலிங் தீவுகள் வரை 2,700 மைலை 23 நாளில் கடக்கிறார்; அதில் சுக்கான் பிடித்தது மொத்தமே மூன்று மணி நேரம் போல. மற்ற நேரமெல்லாம் சக்கரத்தைக் கட்டிப்போட்டுவிட்டுப் புத்தகம் படித்தாராம். பொறாமையாக இருந்தது.

பாய், கயிறு, கம்பம் என்று விலாவாரியாகப் போகும் பத்திகளைத் தாண்டிவிடலாம். கொஞ்சம் பழைய ஆங்கிலம்தான், ஆனால் நக்கல் புரிந்துவிடும்.

காப்புரிமை எப்போதோ முடிந்த புத்தகம் இது. ப்ராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அங்கே படியுங்கள், 249 ரூபாய் மிச்சம். அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா தீவில் ஸ்லோக்கத்துக்குக் கொடுத்த ஆடு மேற்கிந்தியத் தீவுகளின் வரைபடத்தைத் தின்றுவிட்டது, வைக்கோல் தொப்பியையும் விடவில்லை. அதை அசென்ஷன் தீவில் இறக்கிவிட்டு, வரைபடம் இல்லாமலே போனார். நானும் பேத்தியின் பள்ளி அட்லஸில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படித்தேன். அசென்ஷன் வந்தபோது, ‘நாளைக்கு ஜியாகிரபி டெஸ்ட் தாத்தா’ என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.