மகளுக்கு மட்டுமா, மகனுக்கும் சேர்த்தா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் எச்பிவி (உடலுறவு வழி பரவி, புற்றுநோய் வரவைக்கக்கூடிய கிருமி) தடுப்பூசி என்றாலே பெற்றோருக்கு இரண்டு மனம்.

செலவு: மகளுக்குப் பள்ளியிலேயே இலவசம், 2010-இல் 13 வயது மாணவிகளுக்கென்று தொடங்கிய திட்டம். மகனுக்குத் தனியார் கிளினிக் என்றால் ஒரு ஊசிக்கே சில நூறு வெள்ளி.

பாதுகாப்பு: அவளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து. அவனுக்கும் உண்டு, ஆசனவாய்ப் புற்றுநோயிலிருந்து.

ஊர்ப்பேச்சு: இதுதான் வயிற்றெரிச்சல். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் அம்மாவிடம், "இப்பவே இதெல்லாம் எதுக்கு? பொம்பளப் பிள்ளை கெட்டுப் போயிடும்" என்கிறார்கள். மகன் ஊர் சுற்றினால் மட்டும் "ஆம்பளப் பிள்ளைதானே!" கிருமி இருவருக்கும்தான் தொற்றுகிறது.

காசு இறுக்கமா? மகளின் படிவத்தில் இன்றே கையெழுத்துப் போடுங்கள். கொஞ்சம் சேர்க்க முடிந்தால் மகனையும் அழைத்துப் போங்கள். 15 வயதுக்குள் என்றால் மூன்று ஊசி தேவையில்லை, இரண்டே போதும்.