கண்ணாடியா, படிப்படியான பயிற்சியா? எலும்பு கூடிய பிறகும் விடாத வலிக்கு எது பொருந்தும்

மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்டு, எலும்பும் கூடிவிட்டது. வலி மட்டும் போகவில்லை. கை வீங்குகிறது, நிறம் மாறுகிறது, துணி பட்டாலே எரிகிறது. சிஆர்பிஎஸ் (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்) என்று மருத்துவர்கள் அழைக்கும் இந்த நோயில் மாட்டியவர்கள் சொல்வதில் என்னை மிகவும் வருத்துவது, "நடிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்" என்பதுதான். கட்டுமானத் தளத்தில் விழுந்த தம்பிகளுக்கு இது இன்னும் கொடுமை. எக்ஸ்ரேயில் தெரியாத வலியை மேற்பார்வையாளரிடம் எப்படிப் புரியவைப்பது?

அது நடிப்பு இல்லை. கையை அசைக்க மூளை கட்டளை அனுப்பும்போதே, அந்த அசைவு எப்படி உணரப்படும் என்று முன்கூட்டியே கணித்துக்கொள்கிறது. கண்ணும் தோலும் மூட்டும் அனுப்பும் செய்தியை அந்தக் கணிப்போடு ஒப்பிடுகிறது. வாரக்கணக்கில் அசையாமல் கிடந்த கை என்றால் இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஓடும் பேருந்தில் கைப்பேசியைப் பார்த்தால் கண் ஒன்று சொல்ல, உள்காது வேறொன்று சொல்ல, குமட்டல் வருகிறதே, அதுபோல இந்தப் பொருந்தாமையும் வலியாக வெளிப்படலாம் என்று ஹாரிஸ் என்ற ஆய்வாளர் 1999ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்.

இதைச் சோதிக்க மெக்கேப் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2005ல் வலியே இல்லாத 41 பேரைக் கண்ணாடிக்கு முன் உட்காரவைத்தார்கள். ஒரு கை மேலே போக, மறைந்திருக்கும் மற்ற கை கீழே போகும். கண்ணாடியிலோ இரண்டும் ஒன்றாகப் போவதுபோலத் தெரியும். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மரத்துப்போவது, கூச்சம், கனம், கை காணாமல் போனதுபோன்ற உணர்வு என்று ஏதோ ஒன்று வந்தது. ஆனால் தெளிவான வலி என்றவர்கள் குறைவு. அதனால் இந்தக் கோட்பாட்டை நான் பாதிதான் ஏற்கிறேன். வலிக்கு ஏற்கெனவே தயாராக இருக்கும் நரம்பு மண்டலத்தில் பொருந்தாமை எண்ணெய் ஊற்றுகிறது. நெருப்பை அது மட்டுமே பற்றவைக்கிறது என்று சொல்ல முடியாது. வீக்கம், நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாவது, அசைக்கவே பயப்படுவது எல்லாம் கூடவே இருக்கின்றன.

சரி, சிகிச்சைக்கு வருவோம். ஒத்துப்போகாத செய்திகளை மறுபடி ஒத்துப்போகச் செய்ய இரண்டு வழிகள் முன்வைக்கப்படுகின்றன.

முதலாவது கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் மாய உறுப்பு வலிக்காக (இல்லாத கையில் உணரப்படும் வலி) 1990களில் கொண்டுவந்தது. வலிக்கும் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கைகளையும் அசைக்க வேண்டும். கால் இழந்த அமெரிக்க ராணுவத்தினரிடம் நடந்து 2007ல் வெளிவந்த ஆய்வில், தினம் 15 நிமிடம், நான்கு வாரம் என்று செய்தபோது, கண்ணாடியைப் பயன்படுத்திய குழுவில் எல்லோருக்கும் வலி குறைந்தது. கண்ணை மூடி மனத்தில் மட்டும் அசைத்துப் பார்த்த குழுவில் பெரும்பாலோருக்கு வலி கூடியது. சிஆர்பிஎஸ்ஸுக்கு 2003ல் 8 பேரிடம் பார்த்தார்கள்: நோய் வந்து சில வாரங்களே ஆனவர்களுக்கு நல்ல பலன், இரண்டு ஆண்டுகளைத் தாண்டியவர்களுக்கு ஒன்றுமில்லை. செலவு மிகக் குறைவு, புளோக்குக்குக் கீழே உள்ள கடையில் வாங்கும் கண்ணாடியே போதும். அந்த எளிமையே ஆபத்தும்கூட. யாரையும் கேட்காமல் காணொளி பார்த்துத் தொடங்கிவிடுகிறார்கள். என் சித்திக்கு முதல் தடவையே தலை சுற்றியது.

இரண்டாவது, ஆஸ்திரேலியாவின் வலி ஆய்வாளர் லோரிமர் மோஸ்லி 2004ல் வெளியிட்ட படிப்படியான பயிற்சி. மணிக்கட்டு முறிவுக்குப் பின் நாட்பட்ட சிஆர்பிஎஸ் வந்த 13 பேரிடம் சோதித்தது. முதல் இரண்டு வாரம் கை அசையவே வேண்டாம். படத்தில் இருப்பது இடக்கையா வலக்கையா என்று சொன்னால் போதும். அடுத்த இரண்டு வாரம் அசைவைக் கற்பனை செய்வது. கண்ணாடி வருவது கடைசி இரண்டு வாரத்தில்தான். கற்பனை அசைவேகூட வலியையும் வீக்கத்தையும் கூட்டும் அளவுக்கு நோய் முற்றியவர்களுக்கு இந்த வரிசை முக்கியம். அடுத்த ஆண்டு வரிசையை மாற்றிப் பார்த்தபோது, மோஸ்லியின் அசல் வரிசைதான் நன்றாகப் பலன் தந்தது.

ஆனால் இதற்கு நேரம் வேண்டும், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் செய்ய வேண்டும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்ப்பவரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமா? 2012ல் பிரிட்டனின் இரண்டு மருத்துவ மையங்கள் இதே பயிற்சியை அன்றாட நோயாளிகளுக்குக் கொடுத்தபோது வலி குறையவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

என் தேர்வு இது. வலி தொடங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தால் தயங்காமல் கண்ணாடி. ஓர் ஆண்டைத் தாண்டி, கையை நினைத்தாலே வலிக்கிறது என்றால் படிப்படியான பயிற்சி, ஆனால் வழிநடத்த ஆள் இருந்தால் மட்டும். இரண்டிலும் சோதிக்கப்பட்டவர்கள் குறைவு என்பதால், வழக்கமான இயன்முறை சிகிச்சையோடு சேர்த்துச் செய்வதுதான் சரி. அதற்குப் பதிலாக அல்ல.

முதுகுவலிக்காரர்களுக்குக் கண்ணாடிப் பெட்டி உதவாது. அவர்களுக்கு வேறொரு வழி இருக்கிறது. சிட்னியில் நாட்பட்ட முதுகுவலி உள்ள 276 பேரிடம், உணர்வையும் அசைவையும் படிப்படியாகத் திருத்தும் பயிற்சியைச் சோதித்து 2022ல் முடிவை வெளியிட்டார்கள். பத்துப் புள்ளி அளவில், அந்தப் பயிற்சி பெறாத குழுவைவிட ஏறக்குறைய ஒரு புள்ளி கூடுதலாக வலி குறைந்தது. பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் இங்கே சொன்ன ஆய்வுகளில் பெரியதும் நம்பகமானதும் இதுவே.

சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் முதலில் பலதுறை மருந்தகத்துக்குப் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டால், மருத்துவமனையின் வலி சிகிச்சைப் பிரிவில் மானியக் கட்டணத்தில் பார்க்கலாம். தொழிலாளர் என்றால் காயம் பட்ட நாளையும், வீக்கமும் நிறமாற்றமும் தெரியும் படங்களையும் கைப்பேசியில் வைத்திருங்கள். பயிற்சியின்போது வீக்கம் கூடினால் அந்தப் படியை நிறுத்தி முந்தைய படிக்கே திரும்புங்கள், அடுத்த சந்திப்பில் சிகிச்சையாளரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.