பழைய போனுக்கு மாற்று: ஆண்ட்ராய்டா, ஐபோனா என்பது நான்காம் ஆண்டில்தான் தெரியும்

நான்கைந்து ஆண்டு ஓடிய போன் பெரும்பாலும் உடைந்து போவதில்லை. திரை நன்றாக இருக்கும், பேச்சு தெளிவாகக் கேட்கும், படமும் எடுக்கும். ஆனால் ஒரு நாள் வங்கிச் செயலி திறக்க மறுக்கும், இன்னொரு நாள் வாட்ஸ்அப் இந்தப் பதிப்பில் இனி ஓடாது என்று அறிவிக்கும். போனின் ஆயுளை முடித்துவைப்பது அநேகமாக அப்டேட் நின்று போவதுதான். இயங்குதளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் போன் விவரம் இருக்கும் பக்கத்தைத் திறந்தால், கடைசிப் பாதுகாப்பு அப்டேட் வந்த தேதி தெரியும். அது ஓராண்டுக்கு முந்தையது என்றால் புது போனுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்குங்கள். ஆண்ட்ராய்டு 13-ம் அதற்கு மேலும் உள்ள போன்களில், ஓராண்டுக்குள் பாதுகாப்பு அப்டேட் வந்திருந்தால்தான், இந்த போனை நம்பலாம் என்று செயலிகளுக்குத் தான் சொல்லும் சான்றில் மிக உயர்ந்த நிலை கிடைக்கும் என்று கூகுள் 2025-ல் விதியை இறுக்கியது. அந்தச் சான்றைக் கேட்கும் செயலி, அப்டேட் நின்ற போனை வாசலிலேயே நிறுத்திவிடலாம். லீனியேஜ்ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை ஏற்றிப் பழைய போனை ஓட்டுபவர்களுக்கும் இதே இடத்தில்தான் முட்டுகிறது. பூட்லோடரை, அதாவது வேறு இயங்குதளம் ஏற்றவிடாமல் தடுக்கும் பூட்டை, திறந்த போனில் பணம் சார்ந்த செயலிகளை நம்பி இருக்க முடியாது.

இனி ஆண்டுக் கணக்கு. பிக்சல் 8, கேலக்சி எஸ்24 வரிசைகளிலிருந்து கூகுளும் சாம்சங்கும் 7 ஆண்டு அப்டேட் தருவதாக அறிவித்திருக்கின்றன. விலை குறைந்த கேலக்சி ஏ16 5ஜி-க்கே 6 ஆண்டு. வேறு பல மலிவு போன்களுக்கு இரண்டு ஆண்ட்ராய்டு பதிப்பு, மூன்று அல்லது நான்கு ஆண்டுப் பாதுகாப்பு அப்டேட், அவ்வளவுதான். இந்தக் கணக்கு அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. தீபாவளித் தள்ளுபடியில் ஐயாயிரம் குறைத்துத் தருகிறார்களே என்று இரண்டு ஆண்டுப் பழைய மாடலை வாங்கினால், இரண்டு ஆண்டு அப்டேட்டையும் சேர்த்துத்தான் இழக்கிறீர்கள்.

ஐபோனின் பழைய வரலாறு நம்பிக்கை தருவது. 2018-ல் வந்த ஐபோன் எக்ஸ்ஆருக்கு, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் 2024-ன் 18-ம் பதிப்பு வரை கிடைத்தது. 2025-ன் ஐஓஎஸ் 26, ஐபோன் 11-லிருந்து கிடைக்கிறது. புதுப் பதிப்பு நின்ற பிறகும் அவசரப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுண்டு. 2013-ன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒன்று வந்தது. இதனால், அப்பா அம்மாவுக்கென்று பழைய ஐபோன் வாங்குவதில் தவறில்லை. ஆனால் இரண்டு தலைமுறைக்கு மேல் பழையதாக வேண்டாம்.

அப்டேட் வந்துகொண்டிருந்தாலும் போன் இழுக்கக்கூடும். ஆண்ட்ராய்டில் அதற்குப் பெரும்பாலும் நினைவகம்தான் காரணம். 4 ஜிபி ரேம் உள்ள போன் மூன்றாம் ஆண்டில், வரைபடத்திலிருந்து வாட்ஸ்அப்புக்குப் போய்த் திரும்பினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றும். 8 ஜிபி எடுப்பது நல்லது. 6-க்குக் கீழே இறங்க வேண்டாம். ஐபோனில் தொல்லை சேமிப்பிடம்தான். மெமரி கார்டு போட வழியில்லை, ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபி மட்டுமே. குடும்பக் குழுக்களில் வரும் கல்யாண வீடியோக்களே 128 ஜிபியைத் தின்றுவிடும். இடம் நிரம்பினால் அப்டேட்டும் இறங்காது. ஐந்தாண்டு வைத்திருப்பவர் 256 வாங்குவதே சரி. கார்டு போடும் வசதியுள்ள ஆண்ட்ராய்டிலும் வாட்ஸ்அப் படங்கள் உள் சேமிப்பிடத்தில்தான் விழும் என்பதை நினைவில் வையுங்கள்.

பேட்டரிக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐபோன் 14 வரை 500 முழு சார்ஜிலும், 15-லிருந்து 1000 முழு சார்ஜிலும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. அப்டேட் இன்னும் இரண்டு ஆண்டு பாக்கியிருந்தால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு இந்தக் கட்டுரையை மூடிவிடலாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு: ஐபோனில் தமிழ்99, அஞ்சல் என்ற இரு தமிழ் விசைப்பலகைகள் 2013-ன் ஐஓஎஸ் 7 முதல் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு, செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலிகளில் ஒன்றை நிறுவினால் போதும். தட்டச்சே செய்யாமல் மைக்கை அழுத்தித் தமிழில் பேசி அனுப்பும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ஆண்ட்ராய்டில் ஜிபோர்டின் பேச்சு வசதி அவர்களுக்குப் பழகியிருக்கும். ஐபோனுக்கு மாறும் முன் கடையிலேயே அவர்கள் கையில் கொடுத்துப் பேசவிட்டுப் பாருங்கள். பலருக்கு முடிவை மாற்றுவது இந்த ஒன்றுதான்.

மாறும் நாளில் அதிகம் தொலைவது வாட்ஸ்அப் உரையாடல்கள். ஆண்ட்ராய்டிலிருந்து கூகுள் டிரைவில் எடுத்த காப்பை ஐபோனில் மீட்க முடியாது. இது தெரியாமல் பழைய போனை அழித்தவர்கள் ஏராளம். உரையாடல்களை ஐபோனுக்குக் கொண்டுபோக ஆப்பிளின் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியைப் பழைய போனில் நிறுவ வேண்டும். ஐபோன் பெட்டியிலிருந்து எடுத்த நிலையில், முதல் அமைப்புத் திரையிலேயே இருக்க வேண்டும். கடைக்காரர் "நானே செட் பண்ணித் தரேன் சார்" என்று முடித்துக் கொடுத்திருந்தால், ரீசெட் செய்துதான் மீண்டும் தொடங்க முடியும். இரு போன்களையும் சார்ஜில் போட்டு, ஒரே வைஃபையில் வைத்து, நடுவில் தொடாமல் விடுங்கள். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால் கேபிள் தேவை. அதையும் புது போனின் முதல் அமைப்பின்போதே செய்ய வேண்டும். ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு இவ்வளவு பாடில்லை: வாட்ஸ்அப் செட்டிங்ஸில் உரையாடல் மாற்றத்தைத் தேர்ந்து, கியூஆர் குறியீட்டைக் காட்டினால் டிரைவ் இல்லாமலே போய்விடும். ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் இடையே மாறினால், காசு கொடுத்து வாங்கிய செயலிகள் ஒரு செயலிக் கடையிலிருந்து மறு செயலிக் கடைக்கு வராது.

அடுத்தது யுபிஐ. வங்கியில் பதிவான எண்ணிலிருந்து போன் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பித்தான் உங்களை உறுதி செய்துகொள்ளும். எனவே அந்த சிம் புது போனில் இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் அனுப்பும் திட்டமும் நடப்பில் இருக்க வேண்டும். இரண்டு சிம் இருந்தால் தவறானதைத் தேர்ந்துவிட்டுத் தவிப்பது வழக்கம். ஆண்ட்ராய்டில் அந்த எஸ்எம்எஸ் தானாகப் போகும்; ஐபோனில் அனுப்பும் பொத்தானை நீங்களே அழுத்த வேண்டும், வந்திருக்கும் எழுத்துகளில் ஒன்றையும் மாற்றக் கூடாது. கருவி மாறிய முதல் 24 மணி நேரத்துக்கு வங்கிகள் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்பவிடுவதில்லை; ஐபோனில் சில வங்கிகளில் இது 72 மணி நேரம். பள்ளிக் கட்டணமோ மண்டப அட்வான்ஸோ கட்ட வேண்டிய வாரத்தில் போன் மாற்றாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் ஐபோனில் இன்னொரு சிக்கல். ஐபோன் 14 முதல் அங்கே விற்பவற்றில் சிம் தட்டே இல்லை, போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். இங்கே சிம்மை இ-சிம்மாக மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் முடக்கப்படும். ஓடிபி வராது, யுபிஐ பதிவும் நடக்காது. சிம்மை முதல் நாள் மாற்றிவிட்டு, வங்கி வேலையை மறுநாளுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய போனை உடனே விற்க வேண்டாம், இரண்டு வாரமாவது வைத்திருங்கள். சிம்மிலோ போனிலோ மட்டும் சேமித்த தொடர்பு எண்கள், கணக்குகளில் நுழையக் கூகுள் ஆதென்டிகேட்டர் செயலி தரும் குறியீடுகள் எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வரும். கொடுக்கும் நாளில் முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கி, பிறகு ரீசெட் செய்யுங்கள். சாம்சங் என்றால் அந்தக் கணக்கையும் நீக்க வேண்டும். ஐபோன் என்றால் 'ஃபைண்ட் மை'யை அணைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வாங்கியவர் போனைத் திறக்கும்போது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்கும், அவர் உங்களைத் தேடி வருவார்.