ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து: அரசு துணை சுகாதார நிலையத்தில் கொடுத்த அனுபவம்

கைக்குழந்தைகளுக்கு அரசு இலவசமாகக் கொடுக்கும் ரோட்டாவேக் சொட்டு மருந்தைப் பற்றிப் பெற்றோர் பலரும் சொல்லும் குறை, “மூன்று தவணையும் கொடுத்தோம், பிறகும் பேதி வந்துவிட்டது” என்பதுதான். தவணைகள் முடிந்து சில மாதங்களில் என் மகளுக்கும் வாந்தியும் பேதியும் வந்தன. ஆனாலும் ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருகிறேன். அரை நட்சத்திரத்தைக் குறைத்தது மருந்துக்காக அன்று.

சிறு குழந்தைகளுக்குத் திடீரென வரும் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி வைரஸ்களால் வருவது. ரோட்டா, நோரோ, ஆஸ்ட்ரோ, அடினோ வைரஸின் 40, 41 ஆகிய வகைகள் என்று அவை பல. இந்தச் சொட்டு மருந்து தடுப்பது ரோட்டாவை மட்டுமே. அதையும், உடலில் நீர் வற்றிக் குழந்தையை மருத்துவமனையில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டிய நிலைக்குப் போகவிடாமல் தடுப்பதே அதன் முதன்மையான வேலை. என் மகளுக்கு வந்தது எந்த வைரஸ் என்று மருத்துவர் பரிசோதிக்கவில்லை. எதுவானாலும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் துத்தநாக மருந்தும் தாய்ப்பாலும்தான் சிகிச்சை என்றார். பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் மொத்தமாகக் கரைத்து, தேக்கரண்டியால் சிறிது சிறிதாகப் புகட்டியதிலேயே அவள் தேறினாள்.

மருந்தின் பின்னணியும் சொல்லத் தக்கது. 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் ரோட்டா வைரஸைக் கண்டறிந்தனர். 1980களில் டெல்லி எய்ம்ஸில், தொற்று இருந்தும் நோய்க்குறி எதுவும் காட்டாத பச்சிளங்குழந்தைகளிடம் கிடைத்த 116இ என்னும் வைரஸ் வகையைக் கொண்டு பாரத் பயோடெக் தயாரித்ததே ரோட்டாவேக். டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், முதல் வயதில் வரும் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை அது சுமார் 56 சதவீதம் குறைத்தது. கேட்பதற்கு இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் 2013இல் இந்நோயால் உலகெங்கும் இறந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தியக் குழந்தைகள் என்று மதிப்பிடப்பட்டிருக்கும்போது, பாதிக்கு மேல் குறைவது எத்தனை வீடுகளின் துயரத்தைத் தடுக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சேவையைப் பற்றி எனக்கு நிறைவே. புதன்கிழமை காலை கூட்டம் இருந்தது, காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. எங்கள் முறை வந்ததும், செவிலியர் குப்பியில் உள்ள வட்டத்தையும் அதற்குள் இருக்கும் சதுரத்தையும் காட்டி, சதுரம் வெளிறியிருப்பதால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை என்று விளக்கினார். பிறகு குழந்தையைச் சற்றுச் சாய்த்துப் பிடிக்கச் சொல்லி, கன்னத்தின் உட்புறமாக ஐந்து சொட்டுகளை ஒவ்வொன்றாக விட்டார். அவள் முகம் சுளித்தாளே தவிர அழவில்லை. அழுகை பின்னால் வந்த ஊசிக்குத்தான். 6, 10, 14 வாரங்களில் மற்ற தடுப்பூசிகளோடு சேர்த்தே கொடுப்பதால் தனியாக ஒரு முறை அலைய வேண்டியதில்லை.

குறைத்த அரை நட்சத்திரத்துக்குக் காரணம், சொல்லாமல் விட்ட ஒரு செய்தி. ரோட்டா தடுப்பு மருந்துகளுக்குப் பின் மிக அரிதாகக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் செருகிக்கொள்ளக்கூடும் என்பதால், குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுதாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, மலத்தில் இரத்தம் கலந்து வந்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சலுக்கு என்ன செய்வது என்று பொறுமையாகச் சொன்னவர் இதைச் சொல்லவில்லை. நான் மருத்துவரிடம் கேட்டே தெரிந்துகொண்டேன். தடுப்பூசி அட்டையோடு ஒரு துண்டுச் சீட்டில் இதை அச்சடித்துக் கொடுத்தாலே போதும்.

முதல் தவணையைத் தவறவிட்டவர்கள், குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள் தொடங்கிவிட முடியும். அதன் பிறகு அரசுத் திட்டத்தில் இந்தச் சொட்டு மருந்தைத் தொடங்குவதில்லை.