ராத்திரி நெஞ்செரிச்சல்: தலையணையா, மாத்திரையா, சீக்கிரச் சாப்பாடா?

படுத்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்கும். புளித்த தண்ணீர் தொண்டை வரை எதுக்களித்து வர, இருமிக்கொண்டே எழுந்து உட்காருவோம். நடு நெஞ்சில் எரியும். ஒரு மடக்கு தண்ணீர் குடித்தால் அடங்கின மாதிரி இருக்கும். படுத்தால் பழையபடி ஆரம்பிக்கும். அந்த அரைத் தூக்கத்தில் கைக்கு எது கிடைக்கிறதோ அதை வாயில் போட்டுக்கொள்வோம். நான் இரண்டு மூன்று வருடம் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு நாள் கேட்கும், நான்கு நாள் கேட்காது. மருந்து சரியில்லை என்று வேறு மருந்துக்கு மாறுவேன். எது எந்த வேலைக்கானது என்று அப்போதே பார்த்திருந்தால் அத்தனை இரவுகள் கெட்டிருக்காது.

பகலில் வருகிற நெஞ்செரிச்சலுக்கும் ராத்திரி வருவதற்கும் வித்தியாசம் உண்டு. பகலில் நிமிர்ந்திருக்கிறோம், மேலே ஏறிய அமிலம் தன் எடையிலேயே இறங்கிவிடும். அடிக்கடி எச்சில் விழுங்குகிறோம். எச்சிலில் உள்ள பைகார்பனேட், உணவுக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும் மிச்ச அமிலத்தை முறித்துவிடும். தூங்கும்போது எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுபோகிறது. விழுங்குவதும் எப்போதாவதுதான். அதனால் பகலில் ஒரு நிமிடத்தில் இறங்கியிருக்கக்கூடிய அதே அமிலம், ராத்திரியில் வெகுநேரம் அங்கேயே கிடந்து அரிக்கிறது. ஆக, எந்த வைத்தியத்தை எடுத்தாலும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இது அமிலத்தைக் குறைக்கிறதா, மேலே ஏறவிடாமல் தடுக்கிறதா, ஏறியதைச் சீக்கிரம் இறக்குகிறதா?

இரண்டு தலையணையா, சாய்வான படுக்கையா?

எல்லோரும் முதலில் செய்வது தலைக்கு இன்னொரு தலையணை வைப்பது. பெரும்பாலும் பலன் இருக்காது. தலையும் கழுத்தும்தான் உயர்கின்றன; நெஞ்சு அதே மட்டத்தில் இருக்கிறது. போதாததற்கு உடம்பு வயிற்றுப் பக்கம் மடங்கி, வயிற்றை அழுத்தி, உள்ளே இருப்பதை மேலே தள்ளுகிறது. காலையில் கழுத்து வலி இலவசம்.

உயர வேண்டியது இடுப்புக்கு மேலே உள்ள முழு உடம்பும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரத்துக்கு மரக்கட்டை வைப்பது. இன்னொன்று, முக்கோண வடிவத்தில் கெட்டியான நுரையில் செய்த சாய்வுத் தலையணை. கட்டில் கட்டை மலிவு, அசையாது, உடம்பு வளையாமல் ஒரே சரிவாக இருக்கும். ஆனால் பக்கத்தில் படுப்பவரும் சேர்ந்து சாய வேண்டும். அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் விஷயம் முடிந்தது. சாய்வுத் தலையணையில் அந்தத் தகராறு இல்லை, வெளியூருக்கும் தூக்கிக்கொண்டு போகலாம். குறை என்னவென்றால், தூக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்கிக் கீழே வந்துவிடுவோம். முதல் ஒரு வாரம் நான் விடியும்போது தலையணைக்குக் கீழேதான் கிடந்தேன். முழங்காலுக்கு அடியில் ஒரு சின்னத் தலையணை வைத்ததும் சறுக்குவது குறைந்தது. நீளம் குறைவான சாய்வுத் தலையணையை வாங்கிவிடாதீர்கள். அது இடுப்பு வரை வராமல் முதுகின் நடுவில் முடிந்தால், பழைய இரண்டு தலையணைக் கதைதான்.

தனியாகப் படுப்பவர் என்றால் கட்டை. துணையோடு படுப்பவர் என்றால் சாய்வுத் தலையணை. இதில் நான் வேறு எதையும் யோசிப்பதில்லை.

இடதா, வலதா, மல்லாக்கவா?

செலவே இல்லாத வைத்தியம் இது. என்னைக் கேட்டால் யாரும் போதுமான அளவு மதிக்காததும் இதுதான். இரைப்பையின் பெரும்பகுதி நம் இடப்பக்கம் இருக்கிறது. இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், அமிலம் தேங்கும் இடம் கீழேயும் உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலேயும் அமைகிறது. வலப்பக்கம் திரும்பினால் இது தலைகீழாகிறது. வாய்ப்பகுதி அமிலத்தில் மூழ்கிவிடுகிறது.

2022-ல் வெளிவந்த ஒரு நெதர்லாந்து ஆய்வில் 57 பேரின் தூங்கும் நிலையையும் உணவுக்குழாயின் அமிலத்தையும் ராத்திரி முழுக்கச் சேர்த்து அளந்தார்கள். அதில் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயம்: அமிலம் மேலே ஏறும் தடவைகளின் எண்ணிக்கை எந்தப் பக்கம் படுத்தாலும் பெரிதாக மாறவில்லை. மாறியது, ஏறிய அமிலம் இறங்க எடுத்துக்கொண்ட நேரம். இடப்பக்கம் படுத்தபோது 35 வினாடி, மல்லாந்து படுத்தபோது 76, வலப்பக்கம் 90. இவை இடைநிலை அளவுகள், அதாவது எல்லா அளவுகளையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருபவை. ஏறுவதைத் தடுக்காமலேயே, கிடக்கும் நேரத்தைப் பாதியைவிடக் குறைவாக்குகிறது இந்தப் பழக்கம்.

சரி, தூக்கத்தில் புரண்டுவிட்டால்? முதுகுக்குப் பின்னால் ஒரு நீளத் தலையணையை அணைத்து வைத்தால் வலப்பக்கம் திரும்புவது குறையும். இடது தோளில் வலி இருப்பவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் தலைமாட்டுச் சரிவோடு மல்லாந்தே படுக்கலாம், வலப்பக்கத்தை மட்டும் தவிர்த்தால் போதும்.

எப்போது சாப்பிடுவதா, எதைச் சாப்பிடுவதா?

காபி, சாக்லேட், புதினா, எண்ணெயில் பொரித்தது, காரம், மது என்று தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல் எங்கும் கிடைக்கும். அந்தப் பட்டியலை முழுசாகப் பின்பற்றினால் வாழ்க்கையில் சாப்பிட எதுவும் மிஞ்சாது. அதில் உள்ளவை எல்லாம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போவதுமில்லை. ஒரு வாரம் என்ன சாப்பிட்டோம், எந்த ராத்திரி எரிந்தது என்று எழுதிப் பார்த்தால் நமக்கான இரண்டு மூன்று எதிரிகள் தெரிந்துவிடும். எனக்குக் காபி ஒன்றும் செய்வதில்லை. கொழுப்பு அதிகமான சாப்பாடு கண்டிப்பாகச் செய்கிறது. கொழுப்பு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும்.

நேரம் அப்படியல்ல, அது அநேகமாக எல்லோருக்கும் பொருந்தும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 3 மணி நேரம் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. 2005-ல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், சாப்பிட்டு 3 மணி நேரத்துக்குள் படுப்பவர்களுக்கு, 4 மணி நேரமோ அதற்கு மேலோ கழித்துப் படுப்பவர்களைவிட, அமிலம் மேலேறும் இந்த நோய் (GERD) இருக்கும் வாய்ப்பு விகிதம் 7 மடங்குக்கு மேல் இருந்தது. சீக்கிரம் படுப்பதுதான் காரணம் என்று அந்த ஒரு கணக்கை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எதைச் சாப்பிடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் எப்போது சாப்பிடுகிறோம் என்பதைத்தான் பார்ப்பேன். வேலை முடிந்து வரவே பத்து மணி ஆகிறவர்கள், பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றி ராத்திரியைச் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

ஒரு மணிக்கு எழுந்தால்: ஆன்டாசிட்டா, ஆல்ஜினேட்டா?

இரண்டும் பாட்டிலில் வரும், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதனாலேயே ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். ஆன்டாசிட் என்பது கால்சியம், மெக்னீசியம், அலுமினியம் உப்புகள். ஏற்கெனவே இருக்கும் அமிலத்தை முறிக்கும். சில நிமிடங்களில் நிம்மதி. ஆனால் வெறும் வயிற்றில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இரைப்பையை விட்டு இறங்கிவிடும். ஒரு மணிக்குக் குடித்து இரண்டு மணிக்கு மறுபடியும் எழுந்ததன் காரணம் இதுதான். மெக்னீசியம் அதிகமானால் வயிற்றைப் போக்கும், அலுமினியமும் கால்சியமும் மலச்சிக்கல் தரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைத் தாங்களாக எடுக்கக் கூடாது.

ஆல்ஜினேட் கடற்பாசியிலிருந்து எடுப்பது. அமிலம் பட்டதும் ஜெல்லாகி, கூடவே கலந்திருக்கும் பைகார்பனேட்டின் குமிழிகளால் மிதந்து, உணவின் மேல் ஒரு தெப்பம் போல நிற்கும். சாப்பிட்ட பிறகு இரைப்பையின் மேல்பகுதியில், உணவோடு கலக்காத அமிலம் தனியாகத் தேங்கும். அதன் மேல்தான் இந்த மூடி உட்காருகிறது. உள்ளே உணவு இருந்தால் சில மணி நேரம் தங்கும், வெறும் வயிற்றில் தங்காது. அதனால் அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டும், அதன் மேல் தண்ணீர் குடித்துக் கரைத்துவிடக் கூடாது.

எரிந்து எழுந்த பிறகு என்றால் ஆன்டாசிட். இன்றைக்கு எரியப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆல்ஜினேட். இரண்டுமே தினமும் தேவைப்படுகிறது என்றால் பிரச்சினை அடுத்த படிக்குப் போய்விட்டது.

சோடா உப்பு? அமிலத்தை முறிக்கும்தான். கூடவே வாயுவைக் கிளப்பி வயிற்றை ஊதவைக்கும், உடம்பில் உப்பையும் ஏற்றும். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. பால் குடித்தால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும், பிறகு அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டும். இந்த இரண்டையும் நான் விட்டுவிட்டேன்.

ஃபாமோடிடினா, பான்டோபிரசோலா?

எல்லா மாத்திரையையும் ‘கேஸ் மாத்திரை’ என்று ஒரே பெயரில் கூப்பிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. ஃபாமோடிடின், ஹிஸ்டமின் என்ற உடம்பின் ரசாயனம் வழியாக வரும் அமிலச் சுரப்பைத் தடுக்கும். ராத்திரிச் சுரப்பு பெரும்பாலும் ஹிஸ்டமினை நம்பியே நடப்பதால், படுக்கும்முன் போட இது பொருத்தமானது. ஒரு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி 10 முதல் 12 மணி நேரம் தாங்கும். ஆனால் தினமும் போட்டால் ஓரிரு வாரத்தில் உடம்பு பழகி, பலன் குறைந்துவிடும். எப்போதாவது போடுகிறவர்களுக்குத்தான் இது நல்ல மாத்திரை. இதே வகையைச் சேர்ந்த ரானிடிடினை, என்.டி.எம்.ஏ. என்ற மாசு இருந்ததால் 2020-ல் அமெரிக்காவில் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற பி.பி.ஐ. மாத்திரைகள் இன்னும் வலுவானவை. இரைப்பைக்குள் அமிலத்தைச் சுரந்து தள்ளும் பம்புகளையே முடக்குபவை. உணவுக்குழாயில் புண் இருந்தால் ஆற்றுவது இவைதான். ஆனால் இவற்றைப் படுக்கும்போது போடுவதுதான் நான் பார்த்ததிலேயே சகஜமான தவறு, நானும் செய்திருக்கிறேன். இவை ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே பிடிக்கும். பம்புகள் ஓடத் தொடங்குவது சாப்பிடும்போது. மருந்து இரத்தத்தில் இருப்பதோ ஓரிரு மணி நேரம்தான். எனவே சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு போட வேண்டும். ராத்திரித் தொல்லை உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் காலை மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாற்றுவதுண்டு. முதல் நாளே அற்புதம் நடக்காது, முழுப் பலன் வர மூன்று நான்கு நாள் பிடிக்கும். ஒழுங்காகப் போட்டும் நடு ராத்திரியில் அமிலம் மீண்டும் சுரப்பது சிலருக்கு நடக்கிறது. அப்போது மருத்துவர் படுக்கும்முன் ஒரு ஃபாமோடிடினையும் சேர்ப்பார்.

சட்டென்று நிறுத்தினாலும் ஒரு வினை உண்டு. 2009-ல் டென்மார்க்கில், நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 8 வாரம் பி.பி.ஐ. கொடுத்து நிறுத்திப் பார்த்தார்கள். அதன்பின் அவர்களில் 44 சதவீதம் பேருக்கு அமிலத் தொல்லை வந்தது; மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் 15 சதவீதம். நிறுத்தினதும் எரிவதால் ‘இது இல்லாமல் எனக்கு முடியாது’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். மருத்துவரிடம் கேட்டு மெல்லக் குறைத்துப் பார்க்கலாம்.

மூன்றாவதாக வோனோபிரசான் வகை. 2014-ல் ஜப்பானில் அனுமதி பெற்றது. சாப்பாட்டு நேரம் பார்க்க வேண்டாம், முதல் நாளிலிருந்தே வேலை செய்யும், ராத்திரியிலும் நன்றாகத் தாங்கும். புதிது என்பதால் பல வருட அனுபவக் கணக்கு பி.பி.ஐ. அளவுக்கு இன்னும் சேரவில்லை.

தூக்க மாத்திரையைத் தீர்வாக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமிலம் ஏறியதும் நாம் விழிப்பதும், விழுங்குவதும் உடம்பின் தற்காப்பு. அந்த விழிப்பைச் சில தூக்க மாத்திரைகள் அமுக்கிவிடும். எரிச்சல் தெரியாது, அமிலம் மட்டும் அங்கேயே இருக்கும்.

விழுங்கும்போது சிக்குவது, இரத்த வாந்தி, கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்த ஒப்பீடு உங்களுக்கில்லை, மருத்துவரிடம் போங்கள். நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் கை அல்லது தாடைக்குப் பரவும் வலியும் வந்தால், நெஞ்செரிச்சல்தானே என்று காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இப்போது என் கட்டிலில் சாய்வுத் தலையணை நிரந்தரம், இடப்பக்கம் பழக்கமாகிவிட்டது, மாத்திரை மாதத்தில் ஓரிரு நாள். தாமதமாகச் சாப்பிட நேர்ந்தால் அளவைப் பாதியாக்கி, மேலே ஆல்ஜினேட் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எதையாவது வாசிக்கிறேன். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது அப்படி உட்கார எரிச்சலாகத்தான் இருக்கும். உட்காராமல் படுத்த நாட்களில் எப்படியும் ஒன்றரை மணிக்கு எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது.